முந்திச் சொன்ன பாங்கு

நதீராவுக்குக் காத்திருக்க வராது. பால் பொங்கும்வரை அடுப்படியில் நிற்கமாட்டாள். நின்றால் நெருப்பைக் கூட்டிப் பாலைத் தீய வைப்பாள். பஸ் நிற்குமுன்பே படியில் ஒரு காலை வைத்திருப்பாள். கல்யாணம் பேசிய நாளில், மாப்பிள்ளை வீட்டார் தேநீரை ஊதிக் குடித்துக்கொண்டிருக்கும்போதே, "சம்மதமா இல்லையா எண்டு கேளுங்க உம்மா" என்று உள்ளறையிலிருந்து அவள் குரல் கொடுத்ததாக ஒழுங்கையில் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள். அவள் அதை மறுப்பதில்லை.

இப்படிப்பட்ட ஒருத்தியை நம்பித்தான் சாய்ந்தமருதுக் கடற்கரையோரத்து ஒழுங்கை ஒன்று முழுதும் நோன்பு திறந்துகொண்டிருந்தது. கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் அதற்கு நியாயம் இருந்தது.

அந்த ஒழுங்கையே ஒரே உம்மாவின் வயிற்றிலிருந்து வந்தது என்று சொல்லிவிடலாம். நம் பக்கத்து வழக்கப்படி வளவைப் பிரித்துப் பிரித்து, மகளுக்கொரு வீடு கட்டிக் கொடுத்து, அந்த மகள் தன் மகளுக்கொன்று கட்டிக் கொடுத்து, இப்போது பெரியம்மா, சாச்சி, ராத்தா, தங்கச்சி என்று வீட்டுக்கு வீடு சொந்தப் பெண்கள். ஆண்களெல்லாம் வந்து சேர்ந்த மாப்பிள்ளைகள். பள்ளிவாசல் மேற்கே, பெரிய றோட்டுக்கு அப்பால். நோன்பு மாதத்தில் கடலிலிருந்து அடிக்கும் காற்று, நோன்பு திறக்கும் நேரத்தைச் சொல்லும் அந்திப் பாங்கை வயல் பக்கமாக அள்ளிக்கொண்டு போய்விடும். கொழும்பு வானொலியை நம்ப முடியாது. அங்கே சூரியன் நமக்குப் பிந்தித்தான் இறங்குகிறது. போன்களை நம்பலாம் என்றால், ஒவ்வொரு போனிலும் இருந்த தொழுகை நேரக் கணக்கு ஒவ்வொரு விதமாகச் சொன்னது. ஒரு வீட்டில் கஞ்சி குடித்து ஏப்பம் விடும்போது அடுத்த வீட்டில் வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அதில் சண்டை வந்தது. சின்னச் சண்டையல்ல.

நதீராதான் வழி கண்டாள். கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டிப் பாட்டும் படமும் சேர்த்துக் கொடுப்பது அவள் தொழில். அதனால் வீட்டில் கொம்பியூட்டர் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். பள்ளிவாசல் அச்சடித்துக் கொடுத்த எங்களூர் நேர அட்டவணையை அதில் ஏற்றினாள். பள்ளியில் பாங்கு சொல்லும் முஅத்தினின் குரலைப் பதிவு செய்துவந்து, நேரம் வந்ததும் தானாக ஒலிக்கவைத்து, மதிலில் ஒரு ஸ்பீக்கரைப் பூட்டிவிட்டாள். "நதீராட பெட்டி" என்று அதற்குப் பெயரும் வந்தது. சாச்சி மகள் ஸுல்பிகா மட்டும், "மிசினெல்லாம் நமக்குப் பாங்கு சொல்லுதா?" என்று முகத்தைச் சுளித்தாள். இரண்டாம் நோன்பிலிருந்து அவளும் பெட்டி ஒலித்தபிறகுதான் பேரீச்சம்பழத்தை எடுத்தாள்.

பெட்டியை எல்லோரையும்விட அதிகம் நம்பியவர் எதிர்வீட்டு சல்மா உம்மா. நதீராவின் உம்மாவுக்கு மூத்தவர், நதீராவுக்குப் பெரியம்மா. சில வருடங்களாக நோயும் ஊசியுமாக இருந்து, நோன்புக்குப் பதில் ஏழைகளுக்குச் சாப்பாடு கொடுத்து, அழுதுகொண்டே ரமழானைக் கழித்தவர். இந்த முறைதான் டொக்டர் சம்மதித்தார். அன்றிலிருந்து சல்மா உம்மாவின் நடையே மாறிப்போனது. "இந்த முற ஒண்டும் உடாமப் பிடிப்பன் பாருங்க" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொன்னார். மற்றப் பெண்களுக்கு மாதத்தில் சில நாள் விடுபட்டே தீரும். பெருநாள் கழிந்து அதற்கு ஈடாகக் கழா நோன்பு பிடிப்பார்கள். சல்மா உம்மாவுக்கு அந்தக் கவலை போய் எத்தனையோ வருடம். "ஒங்களுக்கெல்லாம் கடன் நிக்கும், எனக்கு நிக்கா" என்று அவர் பீற்றிக்கொள்வதைக் கேட்டு இளையவர்கள் பொய்யாகப் பொருமுவார்கள்.

அந்த நாள் வானம் விடியவே மூடிக்கிடந்தது. நதீராவின் நெஞ்சும் அப்படித்தான். நோன்புக்கு முன் ஊரில் நடந்த கல்யாணங்களெல்லாம் அவள் தலையில் இருந்தன. எல்லோருக்கும் பெருநாளைக்கு முன் வீடியோ வேண்டும். போதாக்குறைக்கு ஒரு மாப்பிள்ளை கட்டாருக்குத் திரும்பப் போகிறான். அவன் வீட்டிலிருந்து போனுக்கு மேல் போன். கொம்பியூட்டரோ கிழடு. புதிதாக வாங்கிப் போட்ட றாம் மட்டும் நல்ல வேகக்காரன். ஆனால் அந்த வேகம் எங்கேயும் தெரியவில்லை. திரையில் பச்சைக் கோடு நத்தையாக ஊர்ந்தது.

இங்கே கொம்பியூட்டரின் உள்வயணம் கொஞ்சம் சொல்லவேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். அதற்குள் ஒரு துடிப்பு இருக்கிறது, நமக்கு நாடி இருப்பதைப்போல. ஒரு செக்கனில் பல கோடித் தடவை துடிக்கும். உறுப்புகளுக்கிடையே தகவல் போய்வரும் பாதைக்குப் பஸ் என்று பெயர். அந்தப் பாதை இந்தத் துடிப்புக்குத்தான் நடக்கும். நினைவகமாகிய றாமும் அதே துடிப்பை இத்தனை மடங்கு என்று எடுத்துக்கொண்டு ஓடும். நதீராவின் பழைய கொம்பியூட்டர் புதிய றாமுக்கும் பழைய மடங்கையே கொடுத்திருந்தது. பந்தயக் குதிரையை மாட்டு வண்டியில் கட்டியது போலத்தான்.

அவிழ்த்துவிட இரண்டு வழி உண்டு. ஒன்று, பஸ்ஸை அதன்பாட்டில் விட்டுவிட்டு, மடங்கை மட்டும் மாற்றி றாமைத் தனி வேகத்தில் ஓடவிடுவது. பாதை ஒரு வேகம், றாம் ஒரு வேகம். சந்திக்கும் இடத்தில் ஒன்றுக்காக ஒன்று இம்மியளவு காத்து நிற்கும், அவ்வளவுதான். அதற்குக் கொம்பியூட்டரை நிறுத்தி, எழும்பும்போது உள்ளே போய்ப் படிப்படியாக மாற்றிப் பார்க்கவேண்டும். அன்று விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்குப் பிறகு நதீரா அதைத்தான் செய்து பார்த்தாள். ஆனால் படிப்படியாகச் செய்யவில்லை. எடுத்த எடுப்பில் உச்சத்தில் வைத்தாள். திரை கறுப்பாகவே கிடந்தது. மறுபடி வைத்தாள், மறுபடி கறுப்பு. "போ சனியன்" என்று பழையபடியே விட்டுவிட்டாள்.

மற்ற வழி சுலபம். ஓடிக்கொண்டிருக்கும்போதே துடிப்பையே கூட்டிவிடுவது. துடிப்புக் கூடினால் பஸ்ஸும் கூடும், றாமும் கூடவே இழுபட்டு ஓடும். அதற்கென்று திரையிலேயே ஒரு சின்னப் பொத்தான், வலப்பக்கம் தள்ளினால் போதும். நடுப்பகல் லுஹர் தொழுதுவிட்டு வந்து பார்த்தாள். பச்சைக் கோடு இருந்த இடத்திலேயே இருந்தது. நிறுத்தினால் காலையிலிருந்து செய்ததெல்லாம் வீண். இணையம் வேலையை இழுக்கிறதென்று அதையும் கழற்றி வைத்திருந்தாள். பொத்தானைத் தள்ளினாள்.

கோடு அசைந்தது. அல்ஹம்துலில்லாஹ், நன்றாகவே அசைந்தது. இன்னும் கொஞ்சம் தள்ளினாள்.

அவளுக்குத் தெரியாத விஷயம் ஒன்றுதான். ஓடும் கொம்பியூட்டரின் கடிகாரமும் அந்தத் துடிப்பை எண்ணித்தான் நேரம் சொல்கிறது. நடுவில் துடிப்பைக் கூட்டியது கடிகாரத்துக்கு எப்படித் தெரியும்? அது பாட்டுக்கு எண்ணியது. ஒவ்வொரு மணித்தியாலமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சூரியனை முந்திக்கொண்டு போனது.

அந்தியில் பெட்டி பாங்கு சொன்னது. மழை முகிலில் வெளிச்சம் எப்போதோ செத்திருந்ததால் யாரும் வானத்தைப் பார்க்கவில்லை. பிஸ்மில்லாஹ் சொல்லி ஒழுங்கை முழுதும் ஒரே நேரத்தில் வாயில் தண்ணீர் வைத்தது. நதீரா கதவடியில் நின்று கஞ்சிக் கோப்பையைக் காலியாக்கினாள். எதிரே வாசலில் சல்மா உம்மா பேரீச்சம்பழத்தை மென்றுகொண்டே அவளைப் பார்த்துக் கையை உயர்த்தினார். இன்றைக்கும் ஒன்று முடிந்தது என்ற சந்தோசம் முகத்தில் அப்படியே தெரிந்தது.

தொழப் போகுமுன் காற்று ஒரு கணம் அடங்கியபோது, தூரத்தில் பாங்கு மெலிதாகக் கேட்டது. வேறு ஊர்ப் பள்ளியாக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

தொழுது வந்து கொம்பியூட்டரின் முன் உட்கார்ந்தாள். வீடியோ முடிந்திருந்தது. கட்டார் மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லலாமென்று போனை எடுத்தவள், போனில் நேரத்தைக் கண்டாள். திரையின் மூலையிலும் நேரம் இருந்தது. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒன்பது நிமிடம்.

இணையத்தைக் கொளுவினாள். போன் சொன்னதுதான் சரி. தூரத்தில் கேட்டது வேறு ஊர்ப் பாங்கல்ல, தன் ஊர்ப் பள்ளியின் பாங்கு. அவள் பெட்டி கூப்பிட்டபோது சூரியன் இன்னும் இறங்கவேயில்லை.

மத்ரஸாவில் படித்தது அவளுக்கு மறக்கவில்லை. சூரியன் மறைந்துவிட்டதென்று நம்பித் திறந்து, மறையவில்லையென்று பிறகு தெரிந்தால் அந்த நோன்பைக் கழாச் செய்யவேண்டும். தெரியாமலே போனால் திறந்தவர்மேல் குற்றமில்லை. அப்படியானால் இந்த ஒழுங்கையில் இப்போது தெரிந்தவள் ஒரே ஒருத்தி.

இருக்க முடியவில்லை. எழும்பினாள், உட்கார்ந்தாள், குசினிக்குப் போய் எதற்கு வந்தோம் என்று தெரியாமல் நின்றாள். எதிர்வீட்டுக்குப் போனாள். சல்மா உம்மா கூடத்தில் பாய்களை விரித்துக்கொண்டிருந்தார். இரவுத் தொழுகைகளான இஷாவுக்கும் தராவீஹுக்கும் ஒழுங்கைப் பெண்களெல்லாம் அவர் வீட்டில்தான் கூடித் தொழுவார்கள்.

"வா மகள். என்ன முகம் பேயறஞ்ச மாதிரி இரிக்கி? கஞ்சி குடிச்சியா?"

"குடிச்சன் பெரியம்மா."

"ஒன்ட பெட்டிக்கு அல்லாஹ் பறக்கத்தத் தரட்டும். இண்டைக்கு எனக்குக் களச்சே போயிட்டு. இன்னும் கொஞ்சம் சுணங்கியிருந்தா விழுந்திருப்பன். கரெக்டா அந்த நேரத்துக்குப் பாங்கு வந்திச்சு."

நதீரா வாயைத் திறந்தாள். "உப்பு இரிக்கா பெரியம்மா?" என்று கேட்டாள். உப்பை வாங்கிக்கொண்டு வந்தாள். வீட்டில் உப்பு இருந்தது.

அர்ஷாத் அப்போதுதான் மோட்டார் சைக்கிளை உள்ளே ஏற்றிக்கொண்டிருந்தான். அவளுடைய மாப்பிள்ளை, வரிப்பத்தான்சேனைக்காரன். அறுவடைக் காலமாதலால் பகலெல்லாம் வயலில் நின்று, அங்கேயே பள்ளியில் நோன்பு திறந்துவிட்டு வருவான். ஆக, அந்த ஒழுங்கையில் அன்று பழுதில்லாத நோன்பு அவனுடையது மட்டும்தான். நடந்ததை அவள் சொல்லக் கேட்டு அவன் முதலில் சிரித்தான். அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினான்.

"ஆருக்கும் சொன்னியா?"

"இல்ல."

"அப்ப சொல்லாத."

"என்ன கதைக்கிறீங்க?"

"இஞ்ச பாரு நதீரா. அவங்களுக்குத் தெரியாத வரைக்கும் அவங்கட நோன்புக்கு ஒண்டுமில்ல. நீ வாயத் தொறந்தாத்தான் அது போகும். அந்த மனிசி பச்சப் புள்ள மாதிரி எண்ணிக்கிட்டு இரிக்கா. எதுக்கு அதப் போய் உடைக்கிறாய்?"

இதில் நியாயம் இருக்கிறதா இல்லையா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. இருக்கிறது போலத்தான் தெரிந்தது. அதுதான் பயமாக இருந்தது.

"மறுகா?" என்றாள். "எல்லாற்ற நோன்பையும் நான் ஒருத்தி தூக்கிட்டுத் திரியிறதா? மறுமையில அவங்க முன்னால என்னை நிப்பாட்டிக் கேட்டா?"

"நாளைக்கு ஒருத்தரும் ஒன்னை நம்பமாட்டாங்க. நான் வந்த மாப்பிள்ள, எனக்கென்ன. நீ இந்த ஒழுங்கையிலதான் சாகும் வரைக்கும் இரிக்கணும்."

அவன் சொன்னது உண்மை. நதீரா முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டாள், எடுத்தாள், மறுபடி இழுத்துவிட்டாள். பிறகு தொழுகைச் சட்டையை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்கு நடந்தாள். சொல்வதென்றும் முடிவில்லை, சொல்லாமல் விடுவதென்றும் முடிவில்லை. கால்தான் போனது.

பெண்கள் வரிசையாக நின்றுவிட்டார்கள். தோளோடு தோள். ஒரு பக்கம் ஸுல்பிகா, மறுபக்கம் சல்மா உம்மா. முன்வரிசையின் நடுவில் நின்று தொழுவிக்கும் ராத்தா, தொழுகையைத் தொடங்கத் தக்பீர் சொல்லக் கையை உயர்த்தினாள். சல்மா உம்மாவின் தோள் தன் தோளில் படுவதை நதீரா உணர்ந்தாள். அந்தச் சூடு அவளால் தாங்க முடியாததாக இருந்தது.

"கொஞ்சம் நில்லுங்க ராத்தா."

எல்லாத் தலையும் திரும்பியது.

"இண்டைக்கு பெட்டி முந்திட்டு. ஒன்பது நிமிசம். நான் வேலைக்காக மிசினுட வேகத்தக் கூட்டினன், மணிக்கூடும் கூடிட்டு. எனக்குத் தெரியா. இப்பதான் கண்டன். நாம எல்லாரும் சூரியன் இறங்க முதல் திறந்திட்டம்." மூச்சு வாங்கியது. "கழாச் செய்யணும். பிழை என்ட."

ஒருத்தி "யா அல்லாஹ்" என்றாள். ஒருத்தி ஏனோ சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். ஸுல்பிகா காத்திருந்தவள் போல வெடித்தாள்.

"நான் அப்பவே சொன்னன்தானே! மிசின நம்பி நோன்பு திறக்கப் போனா இப்பிடித்தான் நடக்கும். சும்மா இரிக்கேலாதா கா ஒனக்கு? எல்லாத்துக்கும் ஒரு அவசரம்!"

நதீரா பார்த்துக்கொண்டிருந்தது சல்மா உம்மாவை. அந்த மனிசி மெதுவாகப் பாயில் உட்கார்ந்தார். முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. அவர் அதைத் துடைக்கவில்லை. ஏசியிருந்தால் நதீராவுக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"தொழுங்க" என்றார் கடைசியில். "நேரம் போகுது."

தொழுது முடிந்ததும் ஒவ்வொருவராகப் போனார்கள். நதீரா கடைசிவரை நின்றாள். சல்மா உம்மா பாய்களைச் சுருட்டிக்கொண்டே உள்ளே போய்விட்டார். திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் சஹருக்குப் பிறகு நதீரா கொம்பியூட்டரை நிறுத்தினாள். கட்டார் மாப்பிள்ளை வீட்டிலிருந்து போன் வந்தது, எடுக்கவில்லை. துடிப்பைப் பழைய இடத்தில் வைத்தாள். பஸ் அதன் வேகத்தில் போகட்டும். பிறகு றாமின் மடங்கை ஒரு படி ஏற்றினாள். எழும்பவிட்டுப் பார்த்தாள், எழும்பியது. பிழை இருக்கிறதா என்று தேடும் சோதனையை ஓடவிட்டு, முடியும்வரை முன்னால் உட்கார்ந்திருந்தாள். இன்னொரு படி. மறுபடி சோதனை. மூன்றாவது படியில் தடுமாறியது, ஒன்று இறக்கினாள். பகல் பாதி போய்விட்டது. அவள் வாழ்நாளில் ஒரு வேலைக்கு அவ்வளவு நேரம் பொறுமையாக உட்கார்ந்ததில்லை.

பஸ் ஒரு வேகம், றாம் ஒரு வேகம். கொம்பியூட்டர் நேற்றைவிட நன்றாக ஓடியது. கடிகாரத்தைப் போனோடு வைத்து மணிக்கு மணி பார்த்தாள். ஒரு நிமிடமும் பிசகவில்லை. நேற்றே இப்படிச் செய்திருக்கலாமே என்று நினைக்க நினைக்க ஆத்திரம் வந்தது, தன்மேல்தான்.

"பெட்டியக் கழட்டிரு" என்று காலையிலேயே சொல்லியிருந்தான் அர்ஷாத், வயலுக்குப் போகுமுன். "கேக்க ஆக்கள் இல்லாத பாங்கு என்னத்துக்கு?"

அவள் கழற்றவில்லை. கழற்றினால் நேற்றுச் சொன்னதிலிருந்து ஓடி ஒளிவது போலிருக்கும் என்று பட்டது. ஆனால் அந்தி நெருங்க நெருங்க இருப்புக் கொள்ளவில்லை. தேநீரை இறக்கினாள், போனைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், மறுபடி போனைப் பார்த்தாள். கடைசியில் ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்துக்கொண்டு கதவடிக்கு வந்து நின்றாள்.

நேரம் வந்தது. பெட்டி பாங்கு சொன்னது.

ஒழுங்கையில் ஒருவரும் அசையவில்லை. ஸுல்பிகா வீட்டு விறாந்தையில் எல்லோரும் போனைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதிர்வாசலில் சல்மா உம்மா தண்ணீர்க் கோப்பையைக் கையில் பிடித்தபடி, பெரிய றோட்டுப் பக்கமாகக் காதைக் கொடுத்து உட்கார்ந்திருந்தார். நதீராவின் பெட்டி யாருமில்லாத இடத்தில் கூப்பிடுவது போலக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. அர்ஷாத் சொன்னபோது தாங்கிக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தாள். பார்க்கும்போது தாங்க முடியவில்லை.

பெட்டி பாதியில் இருக்கும்போதே காற்று ஒதுங்கிக்கொண்டது. பள்ளிவாசலின் பாங்கு மெலிதாக வந்து சேர்ந்தது. அதே குரல், அதே நேரம், ஒரு மூச்சுத்தான் பிந்தி. பிறகுதான் ஒழுங்கை பிஸ்மில்லாஹ் சொன்னது.

சல்மா உம்மா தண்ணீரைக் குடித்தார். கோப்பையை வைத்தார். நேற்றிரவிலிருந்து முதல் தடவையாக நதீராவின் பக்கம் திரும்பினார்.

"ஒன்ட பெட்டி இண்டைக்குச் சரியாத்தான் சொல்லிச்சு, மகள்."

கோபமா, அழுகையா என்று தெரியாத ஒரு குரலில் நதீரா கேட்டாள்: "அப்ப பெட்டி சொன்ன உடன ஏன் குடிக்கல்ல பெரியம்மா?"

சல்மா உம்மா அவள் கையைப் பார்த்தார்.

"நீ திறந்தியா?"

நதீரா குனிந்து பார்த்தாள். பேரீச்சம்பழம் இன்னும் அவள் விரல்களுக்கிடையிலேயே இருந்தது.